உங்களுக்குத் தெரியுமா? அடிமை ஓலையில் முன்னோர் பெயர்

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் பண்ணையார்கள் எழுதிவைத்த உயில்களில், நிலத்தோடும் கால்நடையோடும் சேர்த்து வாரிசுகளுக்குப் பங்கிடப்பட்ட அடிமைகளின் பெயர்களைத் தேடியெடுத்தே, அவர்தம் சந்ததியார் பலர் தம் வம்ச வரலாற்றை அறிகின்றனர். ஆண்டான் வீட்டுச் சொத்துக் கணக்கே ஆட்பட்டவனின் ஒரே சாட்சியாக எஞ்சியது பெருங்கொடுமை! நம் நாட்டிலும், நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளில் மானிடரை விலைக்கு விற்ற சாசனங்கள் உள்ளன. கும்பினியார் ஆண்ட பகுதிகளில் 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் அடிமையுரிமையை நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடுத்தது. திருவிதாங்கூரிலோ அவ்வநீதி 1855 வரை நீடித்தது. இத்தகைய ஆவணங்களில் முன்னோரைத் தேடும்போது மாவட்ட எல்லைகள் மாறியதையும் நினைவிற்கொள்ள வேண்டும்; எடுத்துக்காட்டாக, ஆந்திரத்துக் குடுபல்லி என்னும் ஊர் அடங்கிய சித்தூர் மாவட்டம் 1911-இல்தான் உருவாயிற்றாதலால், அப்பக்கத்து மூதாதையரைத் தேடுவோர் வடாற்காடு மாவட்டப் பழைய ஆவணங்களைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அவசியம் கேட்டுப் பார்க்க வேண்டும்.