கிழக்கு தாம்பரம் பின்கோடு பகா எண்ணா? உங்க வங்கிக் கணக்குக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

தாம்பரம் பக்கம் குடியிருக்கீங்களா? ஆன்லைனில் ஆர்டர் போடும்போது டைப் செய்யும் பின்கோடை இன்று கொஞ்சம் கணக்குப் பாடமாகப் பார்க்கலாம்.

மேற்கு தாம்பரம் 600045. கடைசி இலக்கம் 5. எனவே 5-ஆல் வகுபடும். அவ்ளோதான். ஆனால் கிழக்கு தாம்பரத்தின் 600059, பக்கத்துச் சேலையூரின் 600073 இரண்டும் பார்க்க பகா எண் மாதிரியே இருக்கு. அதாவது, 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும் எண்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

2, 3, 5, 7 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துப் பார்க்க வேண்டும். வர்க்கமூலம் வரை போனால் போதும். இங்கே அது சுமார் 774. அதற்குள் இருப்பவை 137 பகா எண்கள்.

முதல் 100 பகா எண்களில் எதனால் வகுத்தாலும் 600059 மீதி தருகிறது. 101-ஆவதான 547-இல்தான் குட்டு உடைகிறது: 547 × 1097 = 600059. ஆக, கிழக்கு தாம்பரம் பகா எண் இல்லை! சேலையூரோ 137-க்கும் மசியவில்லை. அது அசல் பகா எண். பல்லாவரத்தின் 600043-ம் அப்படித்தான்.

சரி, இதில் வங்கி எங்கே வந்தது?

547-ஐயும் 1097-ஐயும் பெருக்க ஒரு நிமிடம் போதும். 600059-ஐ மட்டும் கொடுத்து அந்த இரண்டையும் கேட்டால் 101 முறை வகுக்க வேண்டும். 1977-இல் உருவான ஆர்.எஸ்.ஏ. என்ற இணையப் பாதுகாப்பு முறை நிற்பது இந்த வித்தியாசத்தில்தான். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, விடையை மட்டும் வெளியே காட்டுவார்கள். 2048 பிட் பூட்டில் அந்த விடை 617 இலக்கம்! அதைப் பிரிக்க இன்றைய கம்ப்யூட்டர்களால் முடியாது.

அப்போ அவ்வளவு பெரிய பகா எண்ணை எப்படிச் சரிபார்ப்பது?

பிரிப்பதுதான் கஷ்டம்; பகா எண்ணா இல்லையா என்று மட்டும் சொல்வது சுலபம். எந்த எண்ணாக இருந்தாலும் இதைச் சந்தேகத்துக்கு இடமின்றி வேகமாகச் சொல்ல முடியும் என 2002-இல் நிரூபித்தவர்கள் நம் ஐஐடி கான்பூரின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. 2006-இல் இவர்களுக்கு கோடெல் பரிசு கிடைத்தது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பிரம்மாண்ட பகா எண்ணில் 4,10,24,320 இலக்கங்கள்!

பூட்டு என்றைக்கும் உடையாதா?

அப்படி யாரும் நிரூபிக்கவில்லை. பெரிய குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தால் பிரித்துவிடலாம் என்று 1994-லேயே பீட்டர் ஷோர் வழி காட்டிவிட்டார். அதனால்தான் 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனம் புதிய பூட்டு முறைகளை வெளியிட்டது.

உங்க ஏரியா பின்கோடு பகா எண்ணா? 2-இல் தொடங்கி வகுத்துப் பாருங்க. சென்னை பின்கோடு என்றால் 774-ஐத் தாண்ட வேண்டியதில்லை.