நம்ம வீட்டு சர்வருக்கு வாசல் எங்கே?

சர்வர் என்றதும் நமக்கெல்லாம் 'சர்வர் சுந்தரம்' நாகேஷ்தான் முதலில் ஞாபகத்துக்கு வருவார். 1964-ல் வந்த படம். கம்ப்யூட்டர் உலகத்து சர்வருக்கும் கிட்டத்தட்ட அதே வேலைதான். 'அந்த போட்டோவைக் கொண்டா' என்று யாராவது கேட்டால், எடுத்துவந்து கொடுக்கும். இதற்குப் பெரிய ஏசி ஹால் எல்லாம் வேண்டாம். ஸ்கிரீன் உடைந்து பரணில் கிடக்கிற பழைய லேப்டாப் போதும்.

கூகுள் போட்டோஸ், அளவில்லாத இலவச சேமிப்பை 2021 ஜூன் 1-ம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. இப்போது இலவசம் 15 ஜிபி மட்டும். அதிலேயே ஜிமெயிலும் அடக்கம். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று வீடியோ எடுத்துத் தள்ளுகிற நமக்கு அது எந்த மூலைக்கு? மாதாமாதம் பணம் கட்டுவதற்குப் பதில், ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று பலரும் யோசிப்பது அதனால்தான். இம்மிச், நெக்ஸ்ட்கிளவுட் போன்ற மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கரன்ட் செலவும் பயப்படும்படி இல்லை. 20 வாட் இழுக்கும் லேப்டாப் இரவு பகலாக ஓடினால், இரண்டு மாதத்துக்குச் சுமார் 29 யூனிட்.

சரி, கல்வராயன் மலை அடிவாரத்தில், வடக்கனந்தலில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபிள்காரர் ஃபைபர் இழுத்துக் கொடுத்துவிட்டார். ஹாலில் சர்வர் ஓடுகிறது. வீட்டு வைஃபையில் பாட்டி பேரனின் படங்களை ஜம்மென்று பார்க்கிறார். பெங்களூரில் இருக்கும் மகன் அதே படத்தைத் திறந்தால், வட்டம்தான் சுற்றுகிறது. லேப்டாப்பில் கோளாறு இல்லை, வேகத்திலும் குறை இல்லை. வெளியிலிருந்து உள்ளே வர வாசல் இல்லை, அவ்வளவுதான்.

எஸ்டிடி பூத் கணக்கு

அந்தக் காலத்து எஸ்டிடி பூத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரே அங்கே போய்ப் பேசும். ஆனால், வெளியூரிலிருந்து பூத் நம்பருக்கு அடித்தால் நம் வீட்டில் மணி அடிக்குமா? பெரும்பாலான வீட்டு இணைப்புகள் இன்று அப்படித்தான் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு வெளியுலகில் ஒரே முகவரி. இதற்கு சிஜிநாட் என்று பெயர்.

இதில் கம்பெனிக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. பழைய வகை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் தாராளமாக அள்ளிக்கொண்டார்கள். அமெரிக்காவின் எம்ஐடி என்ற ஒரே கல்வி நிறுவனத்திடம் ஒரு காலத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் முகவரிகள் இருந்தன! உலகப் பொது இருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஏப்ரலில் ஆசிய-பசிபிக் பகுதியிலும் ரேஷன் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நம்மூர்ப் பக்கம் ஃபைபரே வந்தது. நமக்கு எங்கே மிஞ்சும்?

உங்கள் வீடு இதில் சேர்த்தியா என்று பார்ப்பது சுலபம். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'வான் ஐபி' என்று ஓர் எண் இருக்கும். அது 100.64-ல் தொடங்கி 100.127-க்குள் இருந்தால், நீங்கள் பூத் வாடிக்கையாளர்தான். இந்த வேலைக்கென்றே 2012-ல் ஒதுக்கிவைத்த எண்கள் அவை.

சிலருக்குத் தனி முகவரி கிடைத்தும் பிரச்னை தீராது. ஒவ்வொரு முகவரிக்கும் 65,535 கதவுகள் உண்டு, போர்ட் என்பார்கள். இணையதளத்துக்கு 80, 443. மெயில் அனுப்ப 25. குப்பை மெயிலைத் தடுக்க 25-ஐப் பல நிறுவனங்கள் மூடிவிடுகின்றன. சில நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் 80, 443 கதவுகளையும் திறப்பதில்லை. 'பிசினஸ் பிளான் எடுங்க' என்பார்கள். இந்த இரண்டும் மட்டும் மூடியிருந்தால் 8443 போல வேறு கதவில் சர்வரை வைத்துச் சமாளிக்கலாம். மெயில் சர்வரை மட்டும் வீட்டில் வைக்காதீர்கள். வீட்டிலிருந்து போகிற மெயிலைப் பெரிய நிறுவனங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

கதவை மூடுவதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. 2016-ல் 'மிராய்' என்ற தீய மென்பொருள், உலகம் முழுக்க லட்சக்கணக்கான சிசிடிவி பெட்டிகளையும் ரவுட்டர்களையும் பிடித்தது. பெரிய வித்தையெல்லாம் இல்லை. கடையில் வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை! அக்டோபர் 21-ம் தேதி அந்தப் பெட்டிகள் ஒன்றாகத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் தடுமாறின.

நாம் போன் போடலாமே!

உள்ளே வரத்தான் தடை, வெளியே போகத் தடையில்லை. எனவே, சர்வரே வெளியில் ஓர் இடத்துக்கு போன் போட்டு, லைனை வைக்காமல் காத்திருந்தால்? மகனும் அதே இடத்துக்கு போன் போட்டால், இரண்டு பேரையும் இணைத்துவிடலாம். தோட்டத்து சிசிடிவியை நீங்கள் மொபைலில் பார்ப்பது பெரும்பாலும் இப்படித்தான். நடுவில் இருப்பது கேமரா கம்பெனியின் சர்வர் என்பதுதான் நெருடல்.

குடும்பத்துக்கு என் சிபாரிசு டெயில்ஸ்கேல். சர்வரிலும் ஒவ்வொருவர் மொபைலிலும் ஆப்பைப் போட்டால் போதும். அந்த மொபைல்களுக்கு மட்டும் கதவு திறக்கும், ஊருக்குத் தெரியாது. படங்கள் பூட்டியபடியே போய்ச் சேரும். நடுவில் இருக்கும் கம்பெனியால் பார்க்க முடியாது. கிளவுட்ஃப்ளேர் டனல் வேறு ரகம். யார் வேண்டுமானாலும் பார்க்கிற இணையதளத்துக்கு அது சரி. ஆனால், பூட்டை அவர்கள் இடத்தில் திறந்து, மறுபடி பூட்டித்தான் அனுப்புவார்கள். குடும்ப ஆல்பத்துக்கு அது வேண்டாம் என்பேன்.

மூன்றாவது வழி, ஐபிவி6 என்ற புதிய முகவரி. இதில் பஞ்சமே கிடையாது. வீட்டு மிக்ஸிக்குக்கூடத் தனி முகவரி தரலாம். இதைப் பயன்படுத்துவதில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது. ரவுட்டரில் வெளியாட்களுக்கு அனுமதி தர வேண்டும், பார்க்கிறவர் பக்கமும் ஐபிவி6 இருக்க வேண்டும். மகனின் ஆபீஸ் நெட்டில் அது இல்லையென்றால் பழைய கதைதான்.

புதிய இணைப்பு எடுப்பவர்கள், வேகத்தை மட்டும் கேட்காமல் 'பப்ளிக் ஐபி கிடைக்குமா, ஐபிவி6 உண்டா, எந்த போர்ட்டெல்லாம் மூடியிருக்கும்?' என்று கேபிள்காரரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் மேலே கேட்டுச் சொல்வார். ஸ்டாட்டிக் ஐபி வேண்டுமென்றால் பெரும்பாலும் தனிக் கட்டணம். செட்டப் செய்வதில் உதவி வேண்டுமா? விழுப்புரத்தில் விஜிஎல்யூஜி என்ற கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் குழு இருக்கிறது. 2019 வரை கள்ளக்குறிச்சியும் விழுப்புரம் மாவட்டம்தானே, பழைய உரிமையில் கேட்கலாம்!

இன்னொன்று. கரன்ட் போனால் சர்வரும் போகும். ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் போடுங்கள். ஐப்பசி இடி மின்னலுக்கு பிளக்கைப் பிடுங்கிவிடுவது நல்லது. படங்களின் இன்னொரு காப்பியை வேறு ஹார்டு டிஸ்க்கில் போட்டு, சித்தப்பா வீட்டு பீரோவில் வைத்துவிடுங்கள்.