தூளின் நயம்

ஜார்ஜ்டவுன் காப்பிக்கடைகளில் துணிப்பையில் தூளைப் போட்டுக் கொதிநீர் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குச் சற்றுக் கொரகொரப்பான தூளே போதும். ஊற ஊறச் சாறு இறங்கிவிடும். எஸ்பிரெஸோவிலோ ஊறுவதற்கு நேரமில்லை. வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 9 மடங்கு அழுத்தத்தில் வெந்நீர் தூளுக்குள் பாய்கிறது. தூள் பொடியுப்பைவிட நயமாக இருந்து வழிமறித்தால்தான், 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் சாறு 25 முதல் 30 வினாடியில் இறங்கும். பத்தே வினாடியில் கொட்டிவிட்டால் நீர்த்துப் புளிக்கும்.

கத்தி சுழலும் சிறு இயந்திரம் இதற்கு உதவாது; பாதி தூசு, பாதி குருணைதான் கிடைக்கும். பாட்டி வீட்டுத் திரிகையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லிரண்டும் நெருங்க நெருங்க மாவு நயமாகும் அல்லவா? நல்ல அரைவை இயந்திரத்திலும் அப்படிப் பல்வைத்த இரண்டு வட்டுகள் உண்டு.

கடைசி எண்வரை திருகியும் தூள் குருணையாகவே விழுகிறதா? மின்னிணைப்பைத் துண்டித்து, வட்டைக் கழற்றித் தூரிகையால் துடையுங்கள். அடியில் படிந்த பழந்தூள் வட்டைச் சரியாக உட்கார விடாது. சிலவற்றில் வட்டையே இன்னும் நெருக்கி வைக்க வழியுண்டு; கையேட்டைப் பாருங்கள். நயத்துக்குத் திருகும்போது மோட்டார் ஓடட்டும். இல்லையேல் இடையில் கொட்டை சிக்கும். உரசும் ஓசை கேட்டால் ஒரு படி பின்னே திருப்புங்கள்.

இன்னொன்று. நம்மூர்க் கடைக்காப்பிக் கொட்டை பெரும்பாலும் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது. அதை இதில் போடாதீர்கள். சர்க்கரை பற்களில் அப்பிக்கொள்ளும். அந்தக் கொட்டையைக் கடையிலேயே அரைத்து வாங்குங்கள்.