மேலே முதலில், தரை பிறகு

1958 முதல் 2014 வரை தயாரான அம்பாசிடர் கார்களில் ஒன்று எங்கள் வீட்டில் இன்னும் நிற்கிறது. ஓமலூர் வெயிலுக்கு அதன் கூரைத் துணி தொங்கிப்போக, நானே மாற்றினேன்.

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். உள்விளக்கில் கை வைக்கப் போகிறோமே! துணியைத் தாங்கும் கம்பிகள் ஒரே அளவில் இருக்காது. எடுக்கும்போதே வரிசை எண் எழுதுங்கள். கிழிந்த துணியை எறியாதீர்கள், புதியதை வெட்ட அதுதான் அளவு. ஓரங்களில் தடவிய பசை கையில் ஒட்டாத பதத்துக்கு வந்தபின், நடுவிலிருந்து இழுத்து ஒட்டுங்கள். கதவுகள் திறந்தே இருக்கட்டும்.

தூசியெல்லாம் கொட்டியபின் தரைவிரிப்பு. அடியில் துரு இருந்தால் கம்பி பிரஷ், பிறகு ரெட் ஆக்சைடு. ஈரம் குடித்த பழைய அடிவிரிப்பை மறுபடி போடவே கூடாது. தையலை மட்டும் குஷன் கடையில் கொடுங்கள். அது நம்மால் ஆகாது.