புகையும் நச்சுக்காய்ச்சலும்

“புகைப்பவரைக் கொரோனா அண்டாதாம்” என்று 2020-ஆம் ஆண்டில் எழுந்த பேச்சை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பாரிஸ் மருத்துவமனை ஒன்றின் நோயாளிகளிடையே புகைப்போர் குறைந்திருக்கக் கண்டு, நிக்கோட்டின் காக்குமோ என அறிஞர் சிலர் ஐயுற்றனர். கடும் நோயாளிகளுக்கு நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை இட்டு ஆராய்ந்தபோது, இறப்பு குறையவில்லை.

நமக்கு இதில் வியப்பில்லை. 1982-இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு ஒன்று, ஒரே படைப்பிரிவின் 336 இளைஞரை நோக்கியது. இன்புளுயென்சா பரவியபோது, புகைத்தோரில் 68.5 விழுக்காட்டினரும் புகையாதோரில் 47.2 விழுக்காட்டினரும் அதற்கு ஆளாயினர். மூச்சுக்குழாயின் உட்புறத்தே நுண்ணிய மயிரிழைகள் ஓயாது அசைந்து, சளியோடு கிருமிகளை மேலே தள்ளுகின்றன. புகையோ அவற்றை முடக்கிவிடுகிறது. காவலனைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவையும் திறந்துவைப்பது எவ்வகை அறிவோ! புகைப்பதை விட்ட தந்தையர்க்கு ஒரு நற்செய்தி உண்டு: சில திங்களுக்குள் அவ்விழைகள் மீண்டும் அசையத் தொடங்குகின்றன.