ஒழுகும் குழாயும் ஒரு சிறு வாஷரும்

இரவு வீடு அடங்கிய பிறகு குளியலறையிலிருந்து ஒரு சொட்டுச் சத்தம் கேட்கிறது. எழுந்து சென்று குழாயை இன்னும் சற்று இறுக்கி மூடுகிறோம், சத்தம் நிற்கிறது. மறுநாள் இரவு மீண்டும் கேட்கிறது; முன்னிலும் பலமாக இறுக்குகிறோம். ஒரு வாரம் சென்றால், குழந்தைகளால் அந்தக் குழாயைத் திறக்கவே முடிவதில்லை. ஆயினும் ஒழுகல் மட்டும் நின்றபாடில்லை. நோய் ஒன்றாக இருக்க, நாம் கொடுக்கும் மருந்து வேறாக இருப்பதே இதற்குக் காரணம்.

பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதில் மேலும் ஒரு சங்கடம் உண்டு. குடியிருப்பது வாடகை வீடு. அவ்வூர் மொழியும் முழுவதும் கைவந்திருப்பதில்லை. இத்தகைய சிறு வேலைக்குப் பிளம்பர் எளிதில் வருவதில்லை. வந்தாலும், அவர் என்ன செய்தார், எதற்காக இவ்வளவு கேட்கிறார் என்பது விளங்குவதில்லை. ஆகவே, "சொட்டுத்தானே, போகட்டும்" என்று அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு இருந்துவிடுகிறோம்.

அந்தச் சொட்டை ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. 200 மில்லிலிட்டர் கொள்ளும் தம்ளர் ஒன்றைக் குழாயின் கீழ் வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். அது 20 நிமிடங்களில் நிரம்புமானால், ஒரு நாளில் 14 லிட்டருக்கு மேல் போகிறது. 30 நாட்களில் 432 லிட்டர், அதாவது 15 லிட்டர் வாளியால் ஏறத்தாழ 29 வாளி. அந்நீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் எண்ண வேண்டும். மும்பைக்குத் தான்சா, வைதரணா, பாட்சா முதலிய நீர்நிலைகளிலிருந்து நெடுந்தூரம் குழாய் வழியே வருகிறது. அவற்றுள் தான்சா அணை 1892-ஆம் ஆண்டிலேயே கட்டி முடிக்கப்பெற்றது. பெங்களூருக்கோ, காவிரி நீரைச் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்திற்கு மின்சாரப் பம்புகளால் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். நம் நாட்டு வயல்களுக்கும் பாயும் அந்த நதியின் நீர்தான் அங்கே குளியலறைத் தரையில் வீணே ஓடுகிறது.

இனி, குழாயின் உள்ளமைப்பைப் பார்ப்போம். பலமுறை சுற்றித் திறக்கும் பித்தளைக் குழாயினுள்ளே நீர் வருவதற்கு ஒரு வட்டத் துளை உண்டு. அதன் விளிம்பைப் பீடம் என்று சொல்லலாம். கைப்பிடியைச் சுற்றும்போது, மரையுள்ள ஒரு தண்டு மேலும் கீழும் நகர்கிறது. கடைக்காரர்கள் இதனை ஸ்பிண்டில் என்பார்கள். தண்டின் அடியிலுள்ள வாஷர் என்னும் சிறு வட்டு பீடத்தின்மீது அழுந்தும்போது நீர் நிற்கிறது. மேலே எழும்போது நீர் பாய்கிறது. முன்னாளில் தோல் வாஷர்கள் வழங்கின. இப்போது பெரும்பாலும் ரப்பர் வாஷர்களே கிடைக்கின்றன. நாள்பட்ட ரப்பர் இறுகி, வெடித்து, பள்ளம் விழுந்துவிடும். அப்போது எவ்வளவு அழுத்தினாலும் இடுக்கின் வழியே நீர் கசியத்தான் செய்யும். மேலும் மேலும் இறுக்குவதால் வாஷர் நசுங்கிப் போவதோடு, பீடமும் மரையும் தேய்கின்றன. சில ரூபாயில் முடிய வேண்டிய வேலை, குழாயையே மாற்றும் வேலையாகிவிடுகிறது.

ஒழுகும் இடத்தைக் கொண்டே நோயை அறியலாம். மூடிய பின்னும் குழாயின் வாயிலிருந்து சொட்டினால், குற்றம் பெரும்பாலும் வாஷரிலே. திறந்திருக்கும்போது கைப்பிடியின் அடியில், தண்டைச் சுற்றிக் கசிந்தால், அங்குள்ள சுரை தளர்ந்திருக்கும், அல்லது அதனுள் அடைத்த நூல் தேய்ந்திருக்கும். சுரையைச் சிறிதளவு இறுக்கினாலே பல சமயம் கசிவு நின்றுவிடும். சுவரோடு குழாய் சேருமிடத்தில் கசிந்தால், மரையில் சுற்றிய சணல் அல்லது டெஃப்லான் டேப் கெட்டிருக்கலாம்.

இவற்றுள் வாஷர் மாற்றுவதே அடிக்கடி நேரும் வேலை. ஒரு திருப்புளி, வாய் விரியும் ஸ்பானர், பழந்துணி ஆகிய மூன்றும் போதும்.

முதலாவதாக, நீரை அடைக்க வேண்டும். வால்வு குளியலறைச் சுவரிலோ, மீட்டரின் அருகிலோ, மொட்டைமாடித் தொட்டியின் அடியிலோ இருக்கும். அடுக்குமாடி வீடுகளில் ஒரே வால்வு பல வீடுகளுக்குப் பொதுவாக இருக்கலாம். அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிட்டு மூடுவதே முறை. வெந்நீர்க் குழாயானால், கீசரின் மின்சாரத்தை முன்னதாக நிறுத்திவிட வேண்டும். வால்வை மூடிய பின் குழாயைத் திறந்து, நீர் முற்றிலும் நின்றதா என்று பார்த்த பிறகே ஸ்பானரைக் கையில் எடுக்க வேண்டும்.

இரண்டாவதாக, தரையிலுள்ள வடிகால் துளையைத் துணியால் மூட வேண்டும். இது அற்பமான செய்தி போலத் தோன்றும். நாம் முதன்முதலில் இவ்வேலையைச் செய்தபோது இதனைப் பொருட்படுத்தவில்லை. கைப்பிடியின் சிறு திருகு கைதவறி விழுந்து வடிகாலுள் போயிற்று. வாஷர் மாற்றப் பத்து நிமிடம். அத்திருகுக்கு இணையான திருகைத் தேடி அலைந்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கழிந்தது.

அடுத்து, கைப்பிடியின் திருகைக் கழற்றி அதனை எடுக்க வேண்டும். அடியிலுள்ள பெரிய சுரையின்மேல் துணியைச் சுற்றி, ஸ்பானரால் இடப்புறமாகத் திருப்பினால் தண்டு முழுவதும் வெளியே வந்துவிடும். திருப்பும்போது மற்றொரு கையால் குழாயின் உடலை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் சுவருக்குள் இருக்கும் இணைப்பு தளர்ந்துவிடும். தண்டின் அடியில் பழைய வாஷர் இருக்கும். அதனை எறிந்துவிடாமல் கடைக்கு எடுத்துச் சென்றால், அளவு சொல்ல வேண்டிய தொல்லையே இல்லை. வீட்டுக் குழாய்களிற் பெரும்பாலானவை அரை அங்குலம், அதாவது 15 மில்லிமீட்டர் அளவின.

புது வாஷரைப் பொருத்துமுன், உள்ளே விரலை விட்டுப் பீடத்தைத் தடவிப் பாருங்கள். மணலோ சுண்ணப் படிவோ இருந்தால் துடைத்துவிடலாம். பள்ளம் விழுந்து சொரசொரப்பாக இருந்தால், புது வாஷரும் நெடுநாள் உழைக்காது. குழாயை மாற்றுவதே சிக்கனம். பிறகு தண்டைத் திறந்த நிலைக்கு உயர்த்தி வைத்துப் பொருத்த வேண்டும். மூடிய நிலையில் பொருத்தினால் வாஷர் பீடத்தில் மோதி நசுங்கும். சுரையைக் கையால் இறுக்கி, ஸ்பானரால் சிறிதளவு மட்டும் திருப்பினால் போதும். குழாயை மூடி, வால்வை மெல்லத் திறந்து, கால்மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

கால் சுற்றில் திறந்து மூடும் புதுவகைக் குழாய்களில் இந்த ரப்பர் வாஷர் இல்லை. இரண்டு பீங்கான் வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து நீரை அடைக்கின்றன. அவை ஒழுகினால், உள்ளுறுப்பை முழுதாகக் கழற்றி, அதே தயாரிப்பின் அதே அளவுள்ளதை வாங்கிப் பொருத்த வேண்டும்.

துணிவு வேண்டும், ஆனால் எல்லையும் வேண்டும். சுவருக்குள் துருப்பிடித்த இரும்புக் குழாயோ, பலநாள் திருப்பப்படாமல் இறுகிவிட்ட வால்வோ இருந்தால், பலத்தைக் காட்டக் கூடாது. அங்கே பழகிய கைதான் தேவை. வீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது பிற்பாடு மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

கடையில் மொழி ஒரு தடையன்று. வாஷர் என்ற சொல் எங்கும் செல்லும். குழாயை இந்தியில் 'நல்' என்றும், கன்னடத்தில் 'நல்லி' என்றும் சொல்வார்கள். தெலுங்கில் 'குளாயி', நமக்கு அது அந்நியமே அன்று. வங்காளியர் 'கொல்' என்பார்கள். கேட்டு அஞ்ச வேண்டியதில்லை! அரை அங்குலத்திற்கு இந்தியில் 'ஆதா இஞ்ச்' என்றால் போதும்.

வாங்கும்போது ஒன்றுக்கு நான்காக வாஷர்களை வாங்கி, ஒரு சிறு டப்பியில் திருப்புளியோடு வைத்துவிடுங்கள். அடுத்த முறை மாற்றும்போது வீட்டுப் பிள்ளைகளையும் அருகில் நிறுத்தி, வால்வு எங்கே இருக்கிறது என்பதையேனும் காட்டிவிடுங்கள். நாம் வெளியூர் சென்றிருக்கும் நாளில் குழாய் உடைந்தால், நீரை நிறுத்த வேண்டியவர்கள் அவர்களே அல்லவா?