அம்மாயி புடவையில் அன்னம் இருக்கா?

"பழைய பட்டுப்புடவை வாங்குறதூ..!"

பவானித் தெருவில் இந்தக் குரல் கேட்டால் சில வீடுகளில் பீரோ திறக்கும். 'கிழிஞ்சுதானே கிடக்கு, நாலு காசாவது வரட்டும்' என்று அம்மாயியின் கல்யாணப் புடவையைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். வாங்குபவருக்குத் தேவை, சரிகையில் இருக்கும் வெள்ளி. பட்டை எரித்து அதைப் பிரித்துவிடுவார்கள். கூடவே எரிந்துபோவது, மணப்பெண் நல்லா இருக்கணும் என்று தறியில் நெய்த வாழ்த்து!

கொங்கு கல்யாணத்தில், இணைச்சீரிலேயே கூறைப்புடவைக்கு முக்கிய இடம் உண்டு. அப்படிப்பட்ட பழைய கைத்தறிப் பட்டின் கரையையும் முந்தானையையும் உற்றுப் பாருங்கள்...

அன்னம்: நளனுக்கும் தமயந்திக்கும் தூது போன பறவை. தம்பதி ஒற்றுமைக்கு அடையாளம்.

மயில்: முருகனின் வாகனம். அழகுக்கும் செழிப்புக்கும் அடையாளம்.

மாங்காய்: காய்த்துக் குலுங்கும் மரம்போல வம்சம் தழைக்க.

ருத்திராட்சம்: கரையோரம் மணி மணியாக ஓடும். தெய்வத்தின் காவல்.

கோபுரம்: கரையிலிருந்து உடலுக்குள் ஏறும் முக்கோண வரிசை. கோயில் வாசலில் நிற்பதுபோல ஒரு நிறைவு.

இருதலைப் பட்சி: விஜயநகர, மைசூர் அரசுகளின் சின்னம். வலிமையின் குறி.

பழைய புடவை இருந்தால், மறைந்துபோன டிசைனையும் மீட்கலாம். 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், அங்கே தறிகளும் போட்டு, பழைய கரைகளையும் கோயில் வடிவங்களையும் மறுபடி நெய்ய வைத்தார். இன்று 'கலாக்ஷேத்ரா புடவை' என்று கடைகளில் கேட்டு வாங்குகிறோமே, அதன் தொடக்கம் இதுதான்!

உங்கள் பீரோவில் இருக்கும் புடவையைக் காப்பாற்ற...

• பிளாஸ்டிக் கவர் வேண்டாம். வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

• சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அங்கேயே இற்றுவிடும்.

• வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விடுங்கள்.

• அந்துருண்டையும் சென்ட்டும் சரிகையில் படக்கூடாது, கறுத்துவிடும்.

கட்டவே முடியாத அளவுக்கு நைந்துவிட்டதா? கரையையும் முந்தானையையும் மட்டும் பத்திரப்படுத்துங்கள். செல்போனில் நெருக்கமாகப் படமெடுத்து, யார் கல்யாணப் புடவை என்று எழுதி வையுங்கள். நாளை பேத்தி கல்யாணத்துக்கு, அதைக் காட்டி நெசவாளரிடம் அதே அன்னத்தைக் கேட்கலாம்.

அடுத்த முறை தெருவில் அந்தக் குரல் கேட்டால், பீரோவைத் திறங்கள். கொடுக்க அல்ல... அன்னம் இருக்கிறதா என்று பார்க்க!